உன் தங்கச்சி மிதித்து நின்ற நங்கூரம்

மச்சான்,

மாடியில் இருக்கிற சிமெண்ட் தொட்டி ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. இன்று காலையில் பம்மலிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தேன். தொட்டிக்குள் இறங்கி, சுரண்டி, ஃபைபர் துணியை ஒட்டிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் ரெசின் பசையை ஊற்றி, அதில் இன்னொரு புட்டியிலிருந்து கொஞ்சம் விட்டுக் குச்சியால் கலக்கினார். அவ்வளவுதான். அந்த நெடி படியிறங்கிக் கீழே வந்துவிட்டது.

உனக்கு அது நெடி. எங்களுக்கு அது நீ. உன் சட்டையில், உன் தலைமுடியில், நீ உட்கார்ந்து எழுந்த பாயில் எல்லாம் அந்த வாசனைதான். உன் தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு மாடி ஏறி வந்து நின்றாள். வாசனை தாங்காமல் சண்டை போட வந்திருக்கிறாள் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டு, "சாயந்திரத்துக்குள்ள போயிடும்க்கா" என்றார்.

"போக வேணாம், இருக்கட்டும்" என்றாள் அவள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

அவர் டீ குடிக்கப் போன பிறகுதான் அவள் அதைக் கேட்டாள். நீ போய் இரண்டு புரட்டாசி ஆகிவிட்டது. இத்தனை நாள் கேட்காதவள் இன்று கேட்டாள். "அண்ணன் என் மேல கோபத்தோடதான் போனாரா?"

நான் ஏதோ முனகினேன். அவள் விடவில்லை. "நீங்கதானே அவர் வாய். உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

ஸ்கூல் விடுகிற நேரம் ஆகிவிட்டது, வேன் எடுக்கணும் என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மூன்றரைக்கு விடுகிற பள்ளிக்கூடத்துக்கு அப்போதே கிளம்பி வந்து, மாடம்பாக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாத பிள்ளை பேப்பரில் பிள்ளையார் சுழியை மட்டும் அழகாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி.

நமக்கு அது புதுசில்லை. பத்தாவது பரீட்சை முடிவு வந்த அன்று, நம் இரண்டு பேர் நம்பரும் பேப்பரில் இல்லை. பேப்பர்க்காரன்தான் விட்டுவிட்டான் என்று நீ இன்னொரு பேப்பர் வாங்கினாய். அதிலும் இல்லை. மூன்றாவது பேப்பர் வாங்கக் கையை நீட்டியபோது கடைக்காரர், "தம்பி, எல்லா பேப்பர்லயும் ஒரே ரிசல்ட்தான்பா வரும்" என்றார். பிறகு எழுதி எழுதி ஒருவழியாகப் பாஸ் செய்தோம். நீ ஐ.டி.ஐ. போனாய். அங்கிருந்து ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலைப் பக்கம் ஃபைபர் படகு செய்கிற ஷெட்டுக்குப் போனாய். நான் கியர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றுவரைக்கும் அதுதான் தெரியும்.

உன் தங்கச்சியை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை உன்னிடம் சொல்ல நான் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். நீ முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "எங்க வூட்ல அவளுக்குப் பேச சான்ஸே கெடைக்கல மச்சான். உன் வூட்லயாவது பேசட்டும்" என்று சிரித்தாய். அதுவரை சும்மா மச்சானாக இருந்தவன் அன்றிலிருந்து நிஜ மச்சான் ஆனாய்.

நீ சொன்னது உண்மைதான். நீ இருக்கிற இடத்தில் வேறு யாருக்கும் பேச இடமிருக்காது. உன் குரல் அப்படி. தெருமுனையில் நீ சைக்கிளை நிறுத்திவிட்டு யாரையாவது விசாரித்தால், எங்கள் வீட்டுக்குள் உன் தங்கச்சி டீக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் மைக் உன் கையில்தான். காணாமல் போன குழந்தையை நீ அறிவிக்கிற விதத்தில், காணாமல் போகாத குழந்தைகளும் அம்மாவிடம் ஓடும். கிரிக்கெட் மேட்சுக்கு நீ சொல்லும் வர்ணனையைக் கேட்க எதிர் டீம்காரன் பேட்டிங்கை விட்டுவிட்டு நிற்பான். கல்யாணம் செய்துகொள் என்று எத்தனை பேர் சொன்னோம். "எதிர்ல உக்காந்து கேக்கறவ பாவம்டா" என்று தட்டிக் கழித்தாய்.

ஷெட்டில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன விரிசல் விழுந்த பாய்மரப் படகை முதலாளி உனக்குக் கொடுத்தார். அதை லாரியில் ஏற்றி, உன் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கினாய். மாடம்பாக்கத்தில் படகு. கடலுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது. ஏரிக்கு வாங்கினீங்களா சார் என்று ஒருவர் கேட்டார். வெள்ளம் வீட்டுக்குள் வருகிற முடிச்சூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை, மழைக்காலத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சுரண்டினாய், ஒட்டினாய், தேய்த்தாய். உன் தங்கச்சி சாப்பாடு கொண்டு வந்து வைத்துவிட்டு, ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். "சரி சரி, விஷயத்துக்கு வா" என்பாய். அவள் விஷயத்துக்கு வருவதற்குள் நீ வேறு விஷயத்துக்குப் போயிருப்பாய்.

அந்தக் குரல்தான் கம்ம ஆரம்பித்தது. முதலில் ரெசின் புகை என்றாய். பிறகு ஐஸ் தண்ணீர் என்றாய். ஓட்டை விழுந்த சைலன்சர் மாதிரி ஆன பிறகுதான் உன் தங்கச்சி உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் வெளியே வேனில் இருந்தேன். திரும்பி வரும்போது, தாம்பரம் வந்த பிறகு அவள்தான் சொன்னாள். குரல்வளையில் புற்று. அதை மொத்தமாக எடுத்துவிட வேண்டும், உடனே எடுத்தால் உயிருக்கு வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு பேச்சு வராது. மூச்சு, கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான். அந்தத் துளையில் தண்ணீர் போகக் கூடாது. ஆகவே கடலும் கிடையாது.

"பாப்போம்" என்றாய் நீ. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாசங்களை ஓட்டினாய். படகு முடியட்டும் என்றாய். படகு முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றாய். பொங்கலும் போனது. ஒரு தடவை கோவளத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் குடும்பத்தோடு போய்விட்டு வந்துவிடுவோம், அப்புறம் பேசலாம் என்றாய். வீட்டில் யாரும் கடல் பக்கம் சுண்டல் சாப்பிட மட்டுமே போனவர்கள். ஆனால் உன் தங்கச்சி உடனே சரி என்றாள். அவளுக்கு ஏதோ கணக்கு இருந்திருக்கிறது. எனக்குக் கணக்கு எப்போதும் வராது என்பது உனக்குத் தெரியும்.

தை மாசம். வாடைக்காற்று முதுகில் தள்ளும், தெற்கே போக அதைவிட நல்ல நேரம் இல்லை என்றாய். விடியலில் கோவளத்து ஆட்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். நீ, நான், உன் தங்கச்சி, பாப்பா. நம்ம பாப்பா அப்போது ஒன்பதாம் வகுப்பு. புளிசாதம், தயிர்சாதம், வத்தல், ஒரு கேன் தண்ணீர், ஒரு கேஸ் ஸ்டவ். பாயை ஏற்றியதும் இன்ஜினை நிறுத்தினாய். அந்தச் சத்தம் நின்றதும் கடல் ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரிக் கேட்டது. பாப்பா கைதட்டினாள். நான் பக்கவாட்டில் குனிந்து முந்தின நாள் சாப்பாட்டையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "இருபத்தஞ்சு பசங்கள வளைச்சு வளைச்சு ஓட்டி வாந்தி எடுக்க வெக்கிறியே, இப்ப தெரியுதா?" என்றாய். கரகரப்பான அந்தக் குரலிலும் சிரிப்பு முழுசாக இருந்தது.

பாலாறு கடலில் சேர்கிற இடத்தைத் தாண்டியபோது காற்று ஏறிவிட்டது. அலை நுனியெல்லாம் வெள்ளை. நீ சிரிப்பதை நிறுத்தினாய். அதற்குத்தான் நான் பயந்தேன், காற்றுக்கு இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கழிமுகம் இருக்கிறது, உள்ளே போனால் உப்பங்கழி, குளம் மாதிரி இருக்கும், அங்கே ஒதுங்கிவிட்டுக் காலையில் போவோம் என்றாய். ஊர் பேர்கூடச் சொன்னாய், மறந்துவிட்டேன். எல்லோரையும் கீழே உட்காரச் சொன்னாய். இரண்டு பக்கமும் மணல்திட்டில் அலை நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சந்து. நீ வாயை மூடிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தச் சந்துக்குள் படகை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி நுழைத்தாய். ஒரு அலை பின்னால் தூக்கி உள்ளே போட்டது. அவ்வளவுதான். சத்தமெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் அசையாத தண்ணீர், சவுக்குத் தோப்பு, நண்டுவலைக் கழிகள், ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குகள். அடைமழையில் நனைந்துகொண்டு வந்தவன் கோயில் மண்டபத்துக்குள் ஏறினால் இருக்குமே, அப்படி இருந்தது.

அப்போதுதான் என் சாதனை நடந்தது.

நங்கூரத்தைப் போடு என்று என்னிடம் சொன்னாய். நீயே வெல்டிங் வைத்துச் செய்த நங்கூரம், நல்ல கனம். வேன் வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை. முனையில் நின்றேன். பாப்பா பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். தூக்கி வீசினேன். கயிறு சர்ரென்று ஓடியது. அது ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்பா, கயிறும் போகுதுப்பா" என்றாள் பாப்பா.

போய்விட்டது. கயிற்றின் இன்னொரு முனையைப் படகில் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேனில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் போட்டதுதான். அதற்கு இன்னொரு முனை இருக்கிறது, அதை எங்கேயாவது கட்டு என்று யார் சொன்னார்கள்? நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு முதுகெலும்பில் இருக்கிறது. பிறகு படகின் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தாய். சிரிப்பில் உன் குரல் அறுந்து அறுந்து போனது. உன் தங்கச்சி சிரிக்கவில்லை. உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு மெதுவாக நகர்ந்து போய்ச் சேற்றில் உட்கார்ந்தது. அலையில்லாத இடம், ஒன்றும் ஆகவில்லை. ஒரு நண்டுவலைக் கழியில் கட்டினோம். அன்று சாயங்காலம் நீ பேசினாய், மச்சான். பள்ளிக்கூடத்துக் கதை, ஷெட்டுக் கதை, உங்கள் அப்பா ரயிலைத் தவறவிட்ட கதை. பாதிக் கதைக்குக் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. கொக்கெல்லாம் தோப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பாப்பா உன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, அடுத்து என்ன மாமா, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாழ்க்கையில் பார்த்த அமைதியான இடம் அதுதான். அதைப் போல வலித்த சாயங்காலமும் வேறு இல்லை. எல்லாக் கதையையும் ஒரே நாளில் சொல்லி முடிக்கப் பார்க்கிறாய் என்று எனக்கே புரிந்துவிட்டது.

காலையில் தண்ணீர் வடிந்து இடுப்பளவு நின்றது. நங்கூரத்தைத் தேட இறங்கினோம். தண்ணீர் கலங்கல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாலு பேரும் ஒரே வரிசையாகக் கைகோத்துக்கொண்டு, உள்ளங்காலால் சேற்றைத் தடவித் தடவி நடந்தோம். கரையில் கூடையோடு ஒரு மீன்கார அம்மா நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாத்த தேடிகினு கீறீங்க?" என்று கேட்டார். நீ என்னைக் காட்டி, வீட்டு மாப்பிள்ளை நங்கூரத்தைக் கயிறோடு கடலுக்குச் சீர் கொடுத்துவிட்டார் என்றாய். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தே சிரித்தார். ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொண்டு போங்கள், எங்கள் ஆட்கள் அப்படித்தான் போகிறார்கள் என்றார். அதுவும் சரிதான், கல்லைக் கட்டிக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடலாம், சாயந்திரம் பாண்டிச்சேரி என்றாய்.

அப்போது உன் தங்கச்சி கையை விட்டுவிட்டு நின்றுவிட்டாள்.

"கெடச்சிதா?" என்று கேட்டாய்.

"கெடச்சிது. காலுக்கு அடியில இருக்குது."

"சரி, தள்ளு. எடுக்கறேன்."

"தள்ள மாட்டேன்" என்றாள். "ஆபரேஷனுக்கு வரேன்னு சொல்லு. அப்பதான் காலை எடுப்பேன்."

நீ சிரித்துப் பார்த்தாய். விளையாட்டு என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு நின்றாள். கல்லைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நீ சொன்னாய். நீ போ, நான் இங்கேயேதான் நிற்பேன், என் பொண்ணும் இங்கேதான் நிற்பாள் என்றாள். நீ கோபப்பட்டாய். இவ்வளவு தூரம் கூட்டி வந்ததற்கு இதுவா என்றாய். அவளைத் தூக்கி ஒரு ஓரமாக வைக்கிற பலம் உனக்கு இருந்தது. நீ தொடவில்லை. வெயில் ஏறியது. மீன்கார அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். நான் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் வரும்.

கடைசியில் நீ ரொம்ப மெதுவாகக் கேட்டாய். "வாய் போச்சுன்னா எனக்கு இன்னா தங்கச்சி மிச்சம்?"

"நீ மிச்சம்ணா" என்றாள் அவள்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாய். "சரி. இனிமே இவன்தான் என் வாய். இவன் ஒளர்றதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல."

அவள் காலை எடுத்தாள். நீ மூச்சை இழுத்துக்கொண்டு முழுகினாய். அந்த இடுப்பளவு தண்ணீரில், காலடியில் கிடக்கிற பொருளை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது மச்சான். நீ மேலே வரவே இல்லை. பாப்பா பயந்து மாமா மாமா என்று கூப்பிட்டாள். நங்கூரத்தோடு நீ எழுந்தபோது முகமெல்லாம் தண்ணீர். கண் சிவந்திருந்தது. உப்புத்தண்ணி என்றாய்.

பாண்டிச்சேரிக்குப் போகவில்லை. படகைப் பிறகு கோவளத்து ஆட்கள் போய்க் கொண்டு வந்தார்கள். நாம் சேறும் ஈரமுமாகப் பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்கிருந்து என்று கேட்டார். கடலிலிருந்து என்று நீ சொன்னாய்.

நான் உன் வாயாக இருந்த காலத்தைப் பற்றி வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேசுகிற கருவியைக் கழுத்தில் வைத்து ஒரு தடவை பேசினாய். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று பாப்பா சொன்னாள். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டாய். எழுதிக் காட்டு என்றால், என் எழுத்துப் பிழை ஊருக்குத் தெரியணுமா என்கிற மாதிரி என்னை முறைப்பாய். எல்லாம் கைதான். டீக்கடையில் உனக்குச் சர்க்கரை கம்மி என்று நான் சொல்வேன். ரேஷன் கடையில் உன் சந்தேகத்தை நான் கேட்பேன். ஒரு நாள் பம்மல் ரோட்டில் உன்னை இடிக்க வந்த ஆட்டோக்காரரைக் கைஜாடையிலேயே திட்டினாய், நான் வரி விடாமல் வாயால் சொன்னேன். திட்டியது நீ. அவர் பிடித்தது என் சட்டையை.

அந்த ஆடியில் கோயில்காரர்கள் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நீ பக்கத்தில் நின்று கையை ஆட்ட, நான் திக்கித் திணறி ஏதோ சொன்னேன். கூட்டம் அதுபாட்டுக்குச் சலசலத்தது. நீ பொறுமையிழந்து மைக்கைப் பிடுங்கி விரலால் இரண்டு தட்டு தட்டினாய். தெரு முழுக்க அடங்கிவிட்டது. எல்லோருக்கும் உன்னைத் தெரியும். நீ ஒன்றும் சொல்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு புற்று நெஞ்சுக்குள் இறங்கியது. புரட்டாசியில் ஒரு மதியம், தூக்கத்தில் போய்விட்டாய். கடைசியாக நீ எந்த ஜாடையும் காட்டவில்லை. அதுதான் இப்போது என் பிரச்சினை. வாயாக இருந்தவனுக்குக் கடைசி வாக்கியத்தைக் கொடுக்காமல் போய்விட்டாய். உன் தங்கச்சிக்கு நான் எதைச் சொல்வேன்?

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வருகிறார்கள்.

*

மேலே இருப்பது நேற்று எழுதியது. இது இன்று.

நேற்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். இல்லை, அண்ணனுக்குக் கோபமே இல்லை என்று சொல்லிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் கோவளத்துக்கு நாம் போன அந்த நாள் எனக்கு முன்னால் வந்து நின்றது. அதை அவளிடம் நாம் சொன்னதே இல்லை. படகைக் கோவளத்து ஆட்களுக்கே கொடுத்துவிடுவது என்று நீ முடிவு செய்த நாள். அவர்கள் அதைத் தண்ணீரில் தள்ளி, பாயை ஏற்றினார்கள். நீ கழுத்துத் துளைமேல் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாரல்கூடப் படாத தூரத்தில் மேட்டில் நின்றாய். படகு அலையைத் தாண்டியது. நீ குனிந்து ஒரு கை மணலை அள்ளிக் கடலைப் பார்த்து வீசினாய். இன்னொரு கை. இன்னொரு கை. நான் தோளைத் தொட்டேன், உதறினாய். எனக்காகக் காத்திராமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாய். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாய். அது கோபம் இல்லை என்றால் எது கோபம்?

வீட்டுக்குப் போனேன். உன் தங்கச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். "கோபம் இருந்துச்சு. கோவளத்துல என் கண்ணால பாத்தேன்." மணல் வீசியதையும் மறைக்கவில்லை. அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இன்னும் இருக்கு, கேளு" என்றேன். அன்று மாடம்பாக்கத்தில் இறங்கியதும் நீ உன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிற மாதிரியே வந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்து, பூண்டுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாய். காலில் கோவளத்து மணல் அப்படியே ஒட்டியிருந்தது. அவள் அன்றைய சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தாள். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய்.

"அன்னிக்கா?" என்றாள். "அன்னிக்கு நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"பக்கத்து வூட்டு மோட்டார் சண்டை."

"அதையா உக்காந்து கேட்டாரு?"

"முழுசா கேட்டாரு. விஷயத்துக்கு வான்னு ஒரு தடவைகூட கையை ஆட்டல. கோபம் இருந்துச்சு. அந்தக் கோபத்தோடதான் தினமும் நம்ம வூட்டுக்கு வந்தாரு. வேற எங்கேயும் போகல."

அவள் அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள். பிறகு கேட்டாள். "இது அவர் சொல்றதா, நீங்க சொல்றதா?"

பொய் சொல்ல முடியவில்லை. "நான்தான் சொல்றேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். "அவர் சொன்னா என் சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனச்சிருப்பேன்."

அப்புறம் அழுதாள், மச்சான். நீ போன அன்று காரியங்களைப் பார்க்க ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் அவளே பார்த்தாள், அழ நேரம் கிடைக்கவில்லை. நேற்றுதான் கிடைத்தது. பாப்பா காலேஜிலிருந்து வந்து, அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, என்னப்பா சொன்னே என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். உண்மையைச் சொன்னேன் என்றேன். உனக்கு எதுக்குப்பா அந்த வேலையெல்லாம் என்றாள்.

உன் வாய் என்கிற உத்தியோகம் எனக்கு நேற்றோடு முடிந்தது. இத்தனை நாள் நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்தே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி என் சொந்த உளறல்தான், பொறுப்பும் என்னுடையதுதான். ஆனால் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ போனதிலிருந்து சாயங்காலம் டிரிப் முடிந்ததும் அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் ஆரம்பிக்கிறாள். மீன் விலையில் ஆரம்பித்து, ஈ.பி. ஆபீஸ் வழியாகப் போய், யாரோ யாரிடமோ பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையில் வந்து நிற்கிறாள். நான் கேட்கிறேன். கேட்கப் பார்க்கிறேன்.

உன்னை மாதிரி முழுசாகக் கேட்க எனக்கு இன்னும் வரவில்லை, மச்சான். பாதியிலேயே எதையாவது சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே.